வாயில்லாச் சீவனுக்கு மருந்து
முதிய வளர்ப்பு விலங்குகளும் புதிய மருந்துகளும்

மனிதன் நோயுற்றால், வலி இன்ன இடத்தில், இன்ன நேரத்தில் என்று வாய் திறந்து சொல்லுகிறான். கொடுத்த மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதையும் சொல்லுகிறான். ஆடு, மாடு, நாய், பூனை முதலியவற்றுக்கு அந்தப் பேறு இல்லை. நாம் வாயைத் திறந்து மாத்திரையைப் போட்டால் விழுங்குகின்றன. ஊசி போட்டால் பொறுத்துக்கொள்கின்றன. அதன்பின் வயிறு எரிகிறதா, தலை சுற்றுகிறதா என்பதை அவற்றின் நடையிலும் கண்ணிலும் தீனியிலும் நாமே கண்டுகொள்ள வேண்டும். ஆகவே வாயில்லாச் சீவனுக்கு மருந்து கொடுப்பவனுடைய பொறுப்பு இருமடங்கு எனலாம். அந்தச் சீவன் முதுமை அடைந்துவிட்டாலோ பொறுப்பு இன்னும் கூடுகிறது.

புதுக்கோட்டை மாவட்டம் கால்நடைகளோடு ஒன்றி வாழும் மாவட்டம். ஏரிப் பாசனத்தையும் வானத்தையும் நம்பிய இச்செம்மண் பூமியில் பசுவும் வெள்ளாடும் குடும்பத்தின் சேமிப்பு. நாய் குடும்பத்தின் காவல். தமிழகத்தில் வாடிவாசல்கள் மிகுந்த மாவட்டமும் இதுவே. கந்தர்வகோட்டையை அடுத்த தச்சங்குறிச்சியில்தான் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு நடைபெறுவது பல ஆண்டுகளாக வழக்கமாக இருந்து வருகிறது. வாடிவாசலில் பெயர் வாங்கிய காளை கிழமானபின் அதை விற்க மனம் வராமல், தொழுவிலேயே கட்டித் தீவனம் போட்டுக் காப்பாற்றி, அது இறந்தால் மாலையிட்டு அடக்கம் செய்யும் குடும்பங்கள் நம் ஊர்களில் உண்டு. பன்னிரண்டு ஆண்டுகள் வாசலில் படுத்துக் காவல் காத்த நாயையும் எவரும் அடித்துத் துரத்துவதில்லை.

முன்னாளில் இம்முதிய சீவன்களுக்குச் செய்யக்கூடியது அதிகம் இல்லை. இன்று நிலைமை வேறு. மூட்டு வலிக்கும், உண்ணிக்கும், சொறிக்கும், இதய நோய்க்கும் புதுப்புது மருந்துகள் வந்துள்ளன. அவற்றால் நன்மை உண்டு, தீமையும் உண்டு. எதை ஏற்பது, எதைத் தவிர்ப்பது, எப்படி நிறுத்துப் பார்ப்பது? இவற்றையே இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முதுமையில் உடல் மாறுகிறது

முதுமை ஒரு நோய் அன்று. ஆனால் முதுமையில் உடலின் உள்ளுறுப்புகள் முன்போல் வேலை செய்வதில்லை. பெரிய உடல் கொண்ட நாய்கள் ஏழெட்டு வயதிலேயே முதுமைப் பருவத்தில் அடியெடுத்து வைக்கின்றன; சிறிய நாய்கள் அதற்குச் சற்றுப் பின்னர். பூனைகளைப் பத்துப் பதினோரு வயதுக்குமேல் முதியவை எனக் கொள்வர்.

நாம் கொடுக்கும் எந்த மருந்தும் உடலில் தன் வேலையைச் செய்தபின் வெளியேற வேண்டும். பெரும்பாலான மருந்துகளைக் கல்லீரல் சிதைக்கிறது. சிறுநீரகம் வடித்து வெளியேற்றுகிறது. முதிய உடலில் இவ்விரண்டும் மெதுவாகவே இயங்குகின்றன. ஆகவே இளம் நாய்க்கு ஒரு நாளில் நீங்கிவிடும் மருந்து, கிழ நாயின் இரத்தத்தில் அதற்குமேலும் தங்கலாம். மறுநாள் அடுத்த மாத்திரை போடும்போது பழைய மருந்தின்மேல் புதிய மருந்து சேர்கிறது. சரியான அளவு என்று நாம் நினைத்துக் கொடுப்பது, சேர்ந்து சேர்ந்து மிகையான அளவாகி விடுகிறது.

இன்னொன்றையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். சிறுநீரகம் பழுதுபடுவதை வெளியில் இருந்து கண்டுபிடிப்பது எளிதன்று. நாயின் சிறுநீரகத் திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு போன பிறகே இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் அளவு தெளிவாக உயர்ந்து காட்டும். அதுவரை நாய் உண்ணும், வாலாட்டும், வாசலுக்கு வரும். தண்ணீர் மட்டும் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குடிக்கும். ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்று நாம் நினைத்திருக்கும் நாயின் உள்ளே சிறுநீரகம் பாதிக்குமேல் பழுதடைந்திருக்கலாம். அத்தகைய நாய்க்கு ஒரு வலிமருந்தை அறியாமல் கொடுத்தால், எஞ்சிய கால் பங்கும் போய்விடக்கூடும்.

வலிமருந்து செய்யும் இருவகை வேலை

முதிய விலங்குகளை வாட்டும் முதல் நோய் மூட்டுத் தேய்வு. அதற்கு உலகெங்கும் கொடுக்கப்படுபவை ஸ்டீராய்டு வகையைச் சேராத வலிமருந்துகள். மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் முதலியவை இவ்வகையைச் சேர்ந்தவை.

உடலில் புராஸ்டகிளாண்டின் என்னும் பொருள்கள் ஊறுகின்றன. அடிபட்ட மூட்டில் வீக்கத்தையும் வலியையும் உண்டாக்குபவை இவையே. ஆனால் இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரித்துவிடாமல் காப்பவையும், உடலில் நீர் குறைந்த வேளையில் சிறுநீரகத்துக்கு இரத்த ஓட்டம் குன்றாமல் பார்த்துக்கொள்பவையும் இவையே. வலிமருந்து இப்பொருள்களின் ஊற்றை அடைக்கிறது. மூட்டில் வலி தணிகிறது. கூடவே இரைப்பையின் கவசமும் சிறுநீரகத்தின் காவலும் குறைகின்றன. வாந்தி, தீனி வெறுத்தல், தார்போன்ற கரிய மலம், இரைப்பைப் புண், சிறுநீரகப் பழுது ஆகியவை இம்மருந்துகளால் நேரக்கூடியவை என்பதன் காரணம் இதுவே.

புதுக்கோட்டை போன்ற வறண்ட மாவட்டத்தில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. சித்திரை, வைகாசி வெயிலில் தண்ணீர் வைக்க மறந்துபோன வீட்டு நாய், வாந்தியும் கழிச்சலும் கண்ட நாய், தீனி எடுக்காத மாடு ஆகியவற்றின் உடலில் நீர் வற்றியிருக்கும். அந்த நேரத்தில் சிறுநீரகத்தைக் காப்பது மேற்சொன்ன பொருள்களே. அப்போது வலிமருந்து கொடுத்தால் அந்தக் காவலையும் நாமே எடுத்துவிடுகிறோம். ஆகவே உடலில் நீர் வற்றிய விலங்குக்கு முதலில் தண்ணீர். வலிமருந்து அதன் பிறகே.

‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்றனர் நம் முன்னோர். மூட்டு வலிக்கு மூன்று நாளில் மருந்தை நிறுத்த எப்போதும் இயலாதுதான். எனினும் அப்பழமொழியின் உட்பொருள் இங்குப் பொருந்தும். வலியைத் தணிக்கும் மிகக் குறைந்த அளவே போதும். தேவைக்குமேல் ஒரு நாளும் நீட்டிக்கலாகாது.

புதிய மருந்து என்பதன் பொருள்

ஒரு மருந்து விற்பனைக்கு வருமுன் அதைச் சோதித்துப் பார்க்கின்றனர். மனிதருக்கான மருந்தைப் பல்லாயிரம் பேரிடம் சோதிப்பதுண்டு. விலங்கு மருந்துகளைப் பெரும்பாலும் சில நூறு விலங்குகளிடமே சோதிக்கின்றனர். இதில் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. முந்நூறு நாய்களுக்கு ஒரு மருந்தைக் கொடுத்து, அவற்றுள் ஒன்றுக்கும் வலிப்பு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அதனால் அம்மருந்து வலிப்பை உண்டாக்காது என்று முடிவு கட்ட இயலாது. நூறு நாய்களில் ஒன்றுக்கு வலிப்பு வரக்கூடிய மருந்தாக இருந்தாலும், தற்செயலாக அந்த முந்நூறில் ஒன்றும் அகப்படாமல் போயிருக்கலாம். ஆயிரத்தில் ஒன்றுக்கும் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் நேரும் தீங்குகள், மருந்து ஊரெங்கும் பரவிய பின்னரே வெளிப்படும்.

சோதனைக்கு எடுத்துக்கொள்ளப்படும் விலங்குகளும் பெரும்பாலும் வேறு நோய் இல்லாதவை. நம் வீட்டுக் கிழ நாய்க்கோ மூட்டு வலியோடு இதய நோயும், சொறியும், உண்ணிக் காய்ச்சலும் சேர்ந்திருக்கும். அதற்கு முன்பே இரண்டு மூன்று மருந்துகள் போய்க்கொண்டிருக்கும். சோதனையில் கண்ட நன்மை அதற்கும் அப்படியே கிட்டும் என்பதற்கு உறுதி இல்லை. இதனை மூன்று நிகழ்ச்சிகள் நமக்கு உணர்த்துகின்றன.

முதலாவது, கார்ப்ரோஃபென். நாய்களின் மூட்டு வலிக்கான இம்மருந்து 1997ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. நடக்க முடியாமல் கிடந்த நாய்கள் எழுந்து நடந்தன. ஆனால் சில நாய்களுக்குக் கல்லீரல் பழுதடைந்தது. 1998இல் வெளியான ஓர் ஆய்வு, அவ்வாறு பாதிக்கப்பட்ட 21 நாய்களை விவரித்தது; அவற்றுள் 13 லாப்ரடார் இனத்தைச் சேர்ந்தவை. மருந்து கைவிடப்படவில்லை. உரிமையாளர் கவனிக்க வேண்டிய அறிகுறிகளை விளக்கும் தாளை மருந்தோடு கொடுக்கும் வழக்கம் வந்தது. இரத்தப் பரிசோதனை வலியுறுத்தப்பட்டது. இன்றும் அம்மருந்து பயன்பட்டு வருகிறது. தீங்கு தெரிந்த மருந்து என்பதால் அதை விலக்க வேண்டியதில்லை; அதன் தீங்கு இன்னதென்று தெரிந்திருப்பதே ஒரு பாதுகாப்பு.

இரண்டாவது, உண்ணிக்கான வில்லைகள். அஃபோக்சோலானர், ஃபுளுராலானர், சரோலானர் முதலிய இவ்வகை மருந்துகள் உண்ணிகளைத் திறம்பட அழிக்கின்றன. உண்ணிக் காய்ச்சலால் நாய்கள் மாளும் நம் நாட்டில் இவை பெரும் உதவியே. ஆயினும் 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. இம்மருந்துகளால் சில நாய்களுக்கும் பூனைகளுக்கும் தசை நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு ஆகியவை நேரலாம் என்பதே அது. முன்னரே வலிப்பு வந்த நாயாயின் அதை மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, அண்மைக் கால நிகழ்ச்சி. வலியை உணர்த்தும் நரம்பு வளர்ச்சிப் பொருளைக் கட்டிப்போடும் பெடின்வெட்மாப் என்னும் ஊசிமருந்து, மாதம் ஒருமுறை போடத்தக்கதாக வந்தது. ஐரோப்பாவில் 2020இலும் அமெரிக்காவில் 2023இலும் அது அனுமதி பெற்றது. சிறுநீரகத்தையும் இரைப்பையையும் பழைய மருந்துகளைப்போல் தாக்குவதில்லை என்பதால் முதிய நாய்களுக்கு ஏற்றதென்று பலரும் வரவேற்றனர். ஆனால் 2024 டிசம்பரில் அமெரிக்க நிர்வாகம் கால்நடை மருத்துவர்களுக்கு ஒரு மடல் எழுதியது. தள்ளாட்டம், வலிப்பு, கால் செயலிழத்தல், சிறுநீர் கட்டுப்படாமை, சில வேளைகளில் மரணம் ஆகியவை குறித்து அறிக்கைகள் வந்துள்ளன என்று அது தெரிவித்தது. அவ்வாறு வந்த ஒவ்வோர் அறிக்கையிலும் மருந்தே காரணம் என்று உறுதியாவதில்லை. முதிய நாய்கள் மருந்தின்றியும் தள்ளாடும், இறக்கும். ஆனாலும் மருத்துவரும் உரிமையாளரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி அது. இதே வழியில் மனிதருக்காகச் செய்யப்பட்ட டனெசுமாப் என்னும் மருந்து, சிலருக்கு மூட்டுகளை விரைந்து அழித்ததால், 2021இல் கைவிடப்பட்டது என்பதையும் நினைவிற் கொள்ளலாம்.

பழைய மருந்தும் குற்றமற்றதன்று

இவற்றைப் படித்துவிட்டு, ‘புதியது வேண்டாம், பழகிய மலிவான மருந்தே போதும்’ என்று எவரும் முடிவு கட்டிவிடலாகாது. நம் நாட்டிலேயே நடந்த ஒரு பெருங்கேட்டினை இங்குச் சொல்ல வேண்டும்.

டைக்ளோஃபினாக் மனிதருக்கு நெடுங்காலமாகப் பழகிய வலிமருந்து. மலிவானது. 1990களில் அது கால்நடைகளுக்கும் பெருவாரியாகப் போடப்பட்டது. கிழ மாடுகளுக்கும், எழ முடியாத எருதுகளுக்கும், கடைசி நாள்களில் வலி தணியட்டும் என்ற இரக்கத்தோடுதான் அந்த ஊசியைப் போட்டனர். மாட்டுக்கு அது பெருந்தீங்கு செய்யவில்லை, வலியும் குறைந்தது. ஊசி போட்ட சில நாளில் மாடு இறந்தால், அதன் உடலை ஊருக்கு வெளியே போட்டனர். அதைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகம் பழுதாகி, உள்ளுறுப்புகளில் உப்புப் படிந்து அவை மாண்டன.

வெண்முதுகுப் பாறு கழுகு என்னும் இனம் 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துபோயிற்று. காரணம் என்னவென்று பல ஆண்டுகள் தெரியவில்லை. பாகிஸ்தானில் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2004இல் வெளியான பின்னரே டைக்ளோஃபினாக் மீது பழி நிலைபெற்றது. இறந்த மாடுகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் இம்மருந்து இருந்தாலே அந்த இனம் அழியப் போதும் என்று கணக்கிட்டனர்.

இந்திய அரசு 2006இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தது. ஆனால் மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தன. எனவே 2015இல் ஒரு வேளைக்கு மட்டும் போதுமான 3 மில்லி லிட்டர் குப்பிகளிலேயே ஊசிமருந்து விற்கப்பட வேண்டும் என்று ஆணையிட்டது. அதற்கு மாற்றாக வந்தவற்றிலும் சில தீயவையே. அசிக்ளோஃபினாக் மாட்டின் உடலுக்குள் சென்று டைக்ளோஃபினாக்காகவே மாறுகிறது. கீட்டோபுரோஃபெனும் பாறு கழுகுகளைக் கொல்கிறது. தமிழக அரசு நீலகிரி, ஈரோடு, கோவை மாவட்டங்களில் கீட்டோபுரோஃபெனை முன்னதாகவே விலக்கியது. 2023இல் இவ்விரண்டையும், 2024 இறுதியில் நிமிசுலைடையும் கால்நடைகளுக்குப் பயன்படுத்த மத்திய அரசு தடை விதித்தது. மெலாக்சிகாம் பாறு கழுகுகளுக்குத் தீங்கற்றது என்று 2006இலேயே ஆய்ந்து கண்டுள்ளனர்.

தமிழகத்தில் இன்று இக்கழுகுகள் பெரும்பாலும் முதுமலை, மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பகுதியிலேயே எஞ்சி வாழ்கின்றன. அவை மறைந்த ஊர்களில் செத்த மாடுகள் அழுகிக் கிடந்தன, தண்ணீர் கெட்டது, தெருநாய்கள் பெருகின. இவ்வழிவினால் 2000 முதல் 2005 வரை இந்தியாவில் ஐந்து லட்சம் மனிதர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று 2024இல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு மதிப்பிடுகிறது. ஒரு கிழ மாட்டின் காலுக்குப் போட்ட ஊசியின் விளைவு எவ்வளவு தொலைவு சென்றது பாருங்கள்! ‘என் மாடு, என் காசு, என் மருந்து’ என்று சொல்லி முடித்துவிடக்கூடிய செய்தி அன்று இது.

வீட்டு மருந்துப் பெட்டி

உண்மையில் நம் ஊர்களில் முதிய விலங்குகளுக்கு மிகுதியான தீங்கு புதிய மருந்தினால் வருவதில்லை. வீட்டு அலமாரியில் தாத்தாவுக்காக வாங்கி வைத்த மாத்திரையினால் வருகிறது. ‘மனிதன் தின்பதுதானே, நாய்க்கு என்ன செய்துவிடும்?’ என்ற எண்ணமே இதற்குக் காரணம்.

பூனைக்குப் பாராசிட்டமால் நஞ்சு. அதைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. 500 மில்லி கிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடக் கூடும். ஈறு நீலம் பாய்ந்து, முகம் வீங்கி, மூச்சுத் திணறி அது மாளும். மெலாக்சிகாமோடு பாராசிட்டமால் கலந்த ஊசிமருந்துகள் மாடுகளுக்கென விற்பனையில் உள்ளன. மாட்டுக்கு வாங்கி மீந்ததைப் பூனைக்குப் போடுதல் கொலைக்கு ஒப்பாகும். நாய்க்கு இபுபுரோஃபென் இரைப்பைப் புண்ணையும் சிறுநீரகப் பழுதையும் உண்டாக்கும். சொறிக்குப் போடும் ஐவர்மெக்டின் நாட்டு நாய்களுக்குச் சரியான அளவில் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறது; கோலி முதலிய சில இன நாய்களுக்கோ மூளையைத் தாக்கி உயிரையும் வாங்கும். இது அவ்வினங்களின் பிறவிக் குறையால் நேருவது.

ஸ்டீராய்டு மாத்திரையும் வலிமருந்தும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுப்பது மற்றொரு பிழை. சொறிக்கு ஒரு கடையில் வாங்கிய மாத்திரையும், கால் வலிக்கு வேறிடத்தில் போட்ட ஊசியும் சேர்ந்து இரைப்பையைத் துளைத்துவிடும். ஒரு மருந்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதும் இடையில் எத்தனை நாள் விட வேண்டும் என்று மருத்துவரைக் கேட்டறிதல் வேண்டும்.

கறவைப் பசுவாயின் இன்னொரு கடமையும் உண்டு. மருந்து பாலிலும் கசியும். எத்தனை நாள் பாலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமலும் சங்கத்துக்கு ஊற்றாமலும் இருக்க வேண்டும் என்பதைக் கேட்டு, அதன்படி நடப்பதே நேர்மை.

கொடுக்காமல் இருப்பதும் ஆபத்தே

மருந்தின் தீங்கை மட்டுமே பேசினால் தராசின் ஒரு தட்டை மட்டும் பார்த்தவர்கள் ஆவோம். வலியும் ஒரு தீங்குதான். மூட்டு வலியால் நடக்காத நாய்க்குத் தசை கரைகிறது; தசை கரைந்ததும் மூட்டு இன்னும் தளர்கிறது. தண்ணீர்த் தொட்டிவரை நடக்க முடியாமல் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறது. படுத்த இடத்திலேயே கிடந்து புண் வருகிறது. வலியால் சிடுசிடுத்து வீட்டுக் குழந்தையையே கடித்துவிடுவதும் உண்டு. ‘வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லும் பல அறிகுறிகள் உண்மையில் வலியின் அறிகுறிகளே.

மருந்தில்லாத வழிகளையும் முதலில் கைக்கொள்ளலாம். பருத்த நாயின் எடையைக் குறைப்பது மூட்டுக்குச் செய்யும் பேருதவி. வழுக்கும் தரையில் சாக்கு விரிப்பது, வளர்ந்த நகத்தை வெட்டுவது, தண்ணீரைப் படுக்கையின் அருகே வைப்பது, வெயில் ஏறுமுன் சிறிது தூரம் நடத்துவது ஆகியவற்றுக்குச் செலவு இல்லை. கிழ மாட்டுக்குக் காறைத் தரையைவிட மணல் அல்லது வைக்கோல் படுக்கை இதம். இவற்றால் மருந்தின் அளவைக் குறைக்க முடியும். சில வேளைகளில் மருந்தே தேவைப்படாமலும் போகும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து தருபவர் என நான்காகப் பகுக்கிறது. வீட்டு விலங்குக்கு அந்த நான்காமவர் நாமே. ஆகவே மருத்துவர்முன் வாய்மூடி நிற்பது மரியாதை ஆகாது. பின்வருவனவற்றைப் பணிவோடு கேட்கலாம்:

1. இந்நோய் இன்னதென்று உறுதியாயிற்றா? நொண்டுவதற்கு மூட்டுத் தேய்வுதான் காரணமா, முள்ளோ, உண்ணிக் காய்ச்சலோ, எலும்பில் கட்டியோ காரணமா?

2. மருந்துக்கு முன் இரத்தப் பரிசோதனை தேவையா? சிறுநீரகமும் கல்லீரலும் எந்நிலையில் உள்ளன?

3. இம்மருந்து எத்தனை காலமாகப் பயன்பாட்டில் உள்ளது? இதே வயது விலங்குகளுக்குக் கொடுத்த பழக்கம் உண்டா?

4. முன்பே கொடுத்துவரும் மருந்துகளோடு இது சேருமா? நாட்டு மருந்தும் மருந்தே. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

5. என்ன அறிகுறி கண்டால் உடனே நிறுத்த வேண்டும்?

6. பயன் தெரிய எத்தனை நாள் ஆகும்? அதற்குள் பயன் தெரியாவிட்டால் அடுத்து என்ன?

7. மருந்து உடலில் எத்தனை நாள் தங்கும்? மாத்திரையை இன்றே நிறுத்தலாம். மாதம் முழுதும் வேலை செய்யும் ஊசியைத் திரும்ப எடுக்க இயலாது.

இந்த ஏழாவது கேள்வி முதிய விலங்குக்கு மிக இன்றியமையாதது. ஐயம் உள்ள இடத்தில் விரைவில் நீங்கும் மருந்தை முதலில் முயல்வது அறிவுடைமை.

மருந்து தொடங்கிய நாள் முதல் ஒரு பழைய குறிப்பேட்டில் நாள்தோறும் இரண்டு வரி எழுதி வைக்கலாம். தின்றதா, குடித்ததா, மலம் எந்நிறம், எழுந்து நடந்ததா என்பன போதும். பள்ளிப் பிள்ளைகளிடம் இவ்வேலையைக் கொடுத்தால் செவ்வனே செய்வர். வாந்தி, கருமலம், தீனி வெறுப்பு, மஞ்சள் பூத்த கண், தள்ளாட்டம், வலிப்பு இவற்றில் ஒன்று கண்டாலும் அடுத்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மக்கள் மாட்டாசுபத்திரி என்று வழங்கும் அரசுக் கால்நடை மருந்தகங்கள் நம் ஒன்றியங்களில் உள்ளன. நகர முடியாத கால்நடைக்கு 1962 என்னும் எண்ணை அழைத்தால் நடமாடும் ஊர்தியின் உதவியைக் கோரலாம். கடினமான நோய்களுக்கு அண்டை மாவட்டத்தில், ஒரத்தநாட்டில் 2012இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இவ்வளவும் இருக்க, கடைக்காரர் ஒருவரின் வாய்ச்சொல்லை நம்பி ஊசி வாங்கிப் போடுதல் தகாது.

மூன்று வீடுகள்

எண்ணிப் பார்ப்பதற்காக மூன்று வீடுகளை வைத்துக்கொள்வோம். முதல் வீட்டில் பத்து வயது நாய், மூட்டு வலி, இரத்தப் பரிசோதனையில் குறை இல்லை. பல ஆண்டுகள் பழகிய வலிமருந்தை, குறைந்த அளவில், உணவோடு, சில நாள் கொடுத்துப் பார்ப்பதே முறை. புதிய ஊசிக்கு அங்கு அவசரம் இல்லை.

இரண்டாம் வீட்டில் பதின்மூன்று வயது நாய், சிறுநீரகம் பழுது, வலியால் எழவே முடியவில்லை. பழைய மருந்து இங்கு ஆபத்து. மருத்துவர் ஒரு புதிய மருந்தைச் சொன்னால், அதன் தீங்குகள் முற்றும் தெரியாவிடினும், அதை முயல்வதில் நியாயம் உண்டு. இழக்க இருக்கும் காலம் குறைவு. பெறக்கூடிய நிம்மதி பெரிது.

மூன்றாம் வீட்டில் கறவை நின்ற கிழப் பசு, காலூன்ற முடியாமல் கிடக்கிறது, பிழைப்பது அரிது. அதன் வலி தணிய மெலாக்சிகாம் கொடுக்கலாம். தடை செய்யப்பட்ட எந்த ஊசியும் கூடாது. இறந்தபின் உடலை வெளியில் எறியாமல் ஆழப் புதைத்துவிட வேண்டும்.

மூன்று வீடுகளிலும் கேள்வி ஒன்றே. விடை மட்டும் வேறு. பக்கத்து வீட்டு நாய்க்குக் கேட்ட மருந்து நம் நாய்க்கும் கேட்கும் என்பது பொய்.

செலவும் மனச்சாட்சியும்

இறுதியாக, வெளிப்படையாகப் பேசக் கூசும் ஒரு செய்தி: பணம். கூலி வேலை செய்யும் குடும்பத்தில், பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் நாயின் மாத ஊசியும் ஒரே கையிலுள்ள பணத்துக்குப் போட்டியிட்டால் என்ன செய்வது? திருச்சபையின் மறைக்கல்வி இதில் இரு பக்கமும் தெளிவாக இருக்கிறது. விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு முரணானது. மனிதரின் துயர் நீக்கச் செலவிட வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் முறையன்று. ஆகவே விலை உயர்ந்த மருந்தை வாங்க இயலாத ஏழை, குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை. நிழல், தண்ணீர், மெத்தென்ற படுக்கை, மலிவான ஆனால் மருத்துவர் சொன்ன மருந்து, அன்பான கை ஆகியவற்றை எவரும் கொடுக்கலாம். வாங்க இயன்றவரும், விலை கூடியதே நல்லது என்று எண்ணிவிடலாகாது.

உழைத்து ஓய்ந்த காளைக்கும், காத்துக் களைத்த நாய்க்கும் நாம் செய்யக்கூடிய கைம்மாறு, மருந்தைக் கண்மூடி ஊட்டுவதிலும் இல்லை. அஞ்சி மறுப்பதிலும் இல்லை. கேட்டு, நிறுத்து, கொடுத்து, கூடவே இருந்து கவனிப்பதில் இருக்கிறது. அடுத்த முறை மருந்துக்கடைப் படியேறுமுன், அந்தச் சீவனின் எடை, வயது, தண்ணீர் குடிக்கும் அளவு, ஏற்கெனவே தின்னும் மருந்து ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, முதலில் மருத்துவரிடம் செல்வோமாக.